கழித்தல்

நாய்களுக்கான எடைமேடை
வின்னிபெக்கிலேயே நின்றுவிட்டது.
அடுத்த விமானம் வியாழக்கிழமை, பனி விட்டால்.
மருந்தகத்தில் மனிதர்கள் ஏறும் எடைமேடையைப்
பள்ளிக்கூட விளையாட்டரங்குக்குத் தூக்கிவந்தோம்.
"நான் நாயோடு ஏறி நிற்கிறேன்,
என்னைக் கழித்துக்கொள்" என்றான் டெல்மர் மஸ்வாகன்.

டெல்மர் தொண்ணூற்றிரண்டு கிலோ.
முதல் நாயோடு நூற்றுப் பதினான்கு.
இருபத்திரண்டு என்று எழுதினேன்.
அந்த எண்ணுக்குத்தான் மயக்க மருந்து.

கூடைப்பந்துக் கோடுகளுக்குள்
பழைய போர்வைகள், ஹாக்கிப் பைகள்,
நாக்கு ஒருபக்கம் சரிந்து தூங்கும் நாய்கள்.
சாப்பாட்டு மேசைமேல்
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
டாக்டர் ஹால்வர்சன் குனிந்தவள் குனிந்தபடி.

என் வேலை படிவம்.
பால், நிறம், வயது ஏறக்குறைய.
உரிமையாளர் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
காது கிழிந்த இந்த மஞ்சள் பெட்டை
ஹார்ப்பர் வீட்டில் ஜிக்ஸ்,
தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பிஸ்கட்,
கடைக்காரன் கூப்பிடும் பெயரை
இங்கே எழுத முடியாது.
ஐந்து வீட்டில் சாப்பாடு,
ஆறாவது வீட்டின் அடியில் பிரசவம்.
நவம்பரில் ஒன்பது குட்டி.
கிறிஸ்துமஸுக்கு இரண்டு.
'எல்லோரும்' என்று எழுதினேன்.
சின்னக் கட்டம்தான், இடம் போதுமாயிருந்தது.

கையெழுத்துப் போட கிளாடிஸ் ஹார்ப்பர் வந்தாள்.
சம்மதம் என்ற வரியில் விரல் வைத்து
மேலிருந்து கீழே படித்தாள்.
பின்னால் பன்னிரண்டு பேர், கயிறும் உறுமலுமாக.
தாளைத் திருப்பி மறுபக்கமும் படித்தாள்.
"எனக்கு இருபத்து மூன்று வயது.
தெற்கே, பெரிய ஆஸ்பத்திரியில்,
இரண்டாவது பிள்ளை பிறந்த அன்றைக்கே.
யாரும் எனக்குத் தாள் எதுவும் நீட்டவில்லை."
நாளைக்குக் காற்று அடிக்கும் என்பதைப் போலத்தான் சொன்னாள்.
நான் பேனாவை மூடினேன், திறந்தேன்.
அவள் மண்டியிட்டு
ஜிக்ஸின் கிழிந்த காதில்
எனக்குக் கேட்காத க்ரீயில் நெடுநேரம் பேசினாள்.
சொன்னாளோ, கேட்டாளோ.
பிறகு எழுந்து
தன் முழுப்பெயரையும் எழுதினாள்,
ஓர் எழுத்தும் சுருக்காமல்.

டெல்மரை ஊருக்குத் தெரியும்.
வசந்தம்தோறும், ஏரி உடைவதற்கு முன்,
கவுன்சிலின் துப்பாக்கி அவன் கையில் இருக்கும்.
வாலுக்கு இருபது டாலர்.
யாராவது செய்யத்தான் வேண்டியிருந்தது.
பஸ்ஸுக்கு நின்ற பையனை அவை
கூட்டமாகச் சேர்ந்து இழுத்த ஆண்டு அது,
அதற்கு அடுத்த ஆண்டும், அதற்கு அடுத்ததும்.
அந்த நாட்களில் நாங்கள்
தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைப்போம்.

இன்று அதே தோளில்
மூக்கைப் புதைத்துக்கொள்கின்றன.
அவற்றுக்குத் தெரியாது.
நூற்றுப் பத்து. நூற்று ஏழரை.
நூற்று முப்பத்தொன்று, அது பாதி ஓநாய்.
ஒவ்வொன்றையும் இறக்கி
முதுகில் ஒருமுறை கைவைத்து
அடுத்ததற்குக் குனிந்தான்.
அவனைக் கழித்தேன்.
கழித்தேன்.
நாள் முழுக்க அவனையே கழித்தேன்.

சாயங்காலம் ஜிக்ஸ் எழுந்தாள்.
வயிற்றில் தையல், காதுக்குள் பச்சை மையால் ஒரு கோடு.
தள்ளாடி நடந்து
ஆடுகளத்தின் நட்டநடுவில் மூத்திரம் பெய்தாள்.
எல்லோரும் கைதட்டினோம்.

கடைசியில் டெல்மர் வெறுங்கையோடு
மேடைமேல் ஏறினான்.
தொண்ணூறு.
"காலையில் பூட்ஸ் போட்டிருந்தேன்," என்றான்.
"நாலாவது நாய் அதில் கழிந்ததும் கழற்றிவிட்டேன்."
"எல்லாம் தூங்கின, எல்லாம் எழுந்தன, விடுங்கள்"
என்றாள் டாக்டர், கையுறையை உரித்தபடி.
நான் படிவக் கட்டைப் பார்த்தேன்.
"உன்னை அதிகமாகக் கழித்துவிட்டேன், டெல்மர்."

அவன் இறங்கவில்லை.
காலுக்கிடையில் அந்த எண்ணைப் பார்த்தபடி நின்றான்.
வெளியே இருட்டில்
எரிபொருள் தொட்டிப் பக்கமாக ஏதோ குரைத்தது.
"இந்தக் குரல் நம் கணக்கில் இல்லை" என்றான்,
பூட்ஸைத் தேடிக்கொண்டு.